ஏழுமலையின் காலில் வைக்காத செல்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பச்சையம்மா என்று ஒரு அம்மா என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நான் செஞ்சிக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வேலை பார்த்ததெல்லாம் வெளியூரில், ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் லேபில். அதனால் என்னைத் தேடி வருகிறவர்கள் குறைவு. வாசலில் இருக்கும் மூன்று படியை ஏறுவதற்குள் அந்த அம்மா இரண்டு தடவை நின்றார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். திண்டிவனம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஒரு கிளினிக்கின் நோட்டீஸ். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து முழங்காலில் ஊசியாகப் போடுவார்களாம். தேய்ந்த எலும்பு திரும்ப வளருமாம்.

"திங்கக்கெழம வரச் சொல்லிக்கிறாங்க. என் தம்பி, கண்ண மூடிக்கினு போட்டுக்கோன்றான். அவனுக்கு இப்பிடித்தான கால் சேந்துச்சு. தொண்டூர் ஏழுமலை, வயர்மேனு. ஞாபகம் இருக்குதா? அவன் செல்ல நீங்கதான் வளத்தீங்களாமே."

ஞாபகம் இருக்கிறது என்றேன்.

"போட்டுக்கலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு நாள் டைம் குடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஏழுமலைக்குக் கால் சேர்ந்தது உண்மை. அவருடைய செல்லை நான் வளர்த்ததும் உண்மை. ஆனால் ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பிலோமினா. வல்லம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நைனாவுக்கு வேர்க்கடலை போடுகிற கொல்லி நிலம். பன்னிரண்டாவது முடித்து லேப் டெக்னீசியன் டிப்ளமா படித்தேன். ரத்தம், சிறுநீர், சளி என்று பத்து வருஷம் போனது. பிறகு ஆபரேஷனில் வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவும் வேலை. ஆஸ்பத்திரியில் செல் வளர்க்கும் லேப் ஒன்று ஆரம்பித்தபோது என் கை நடுங்காது என்று யாரோ சொல்லி என்னை அங்கே மாற்றினார்கள். படிப்பு என்றால் அவ்வளவுதான். மற்றதெல்லாம் டாக்டர் சந்தானம் சாரிடம் கற்றுக்கொண்டது.

சார் அந்த லேபின் தலைவர். ஒல்லியான ஆள். திட்டவே மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து முடிக்கிறவரை நாங்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும். செல் வளரும் ஒவ்வொரு பிளாஸ்க்கையும் இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுக்கும்போது, "இது யாரு?" என்று கேட்பார். நம்பர் சொன்னால் போதாது. ஆளின் முழுப் பெயர், ஊர், வார்டு மூன்றையும் சொல்ல வேண்டும். ஒருத்தர் செல் இன்னொருத்தருக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவர் ஒருநாளும் விளக்கியதில்லை. கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பார்.

நான் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பிளாஸ்க்கில் லேபிள் ஈரத்தில் அழிந்துபோயிருந்தது. பக்கத்தில் இருந்தவை எல்லாம் ஒரே ஆளுடையவை.

"இது யாரு?"

"அவருதா இருக்கும் சார்."

சார் என் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கினார். மூடியைத் திறந்தார். கிருமி கொல்லும் ஹைப்போ கரைசல் வாளியில் கவிழ்த்தார். பத்து நாள் வளர்த்த செல். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "இருக்கும்ங்கற வார்த்தை இந்த ரூம்ல வேணாம் பிலோமினா" என்றார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஆய்வு நடந்தது. எலும்பு உடைந்து, நடுவில் ஒரு துண்டே போய், எத்தனை ஆபரேஷன் செய்தும் சேராதவர்கள். அவர்களுடைய கொழுப்பிலிருந்தே செல் எடுத்து வளர்த்து, சுண்ணாம்புச் சத்தால் செய்த குருணையோடு கலந்து, எலும்பில்லாத இடத்தில் வைப்பது. அது எலும்பாக மாறுகிறதா என்று பார்ப்பது. ஆஸ்பத்திரிக் குழு அனுமதி கொடுத்திருந்தது. நோயாளிக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கித்தான் சேர்ப்பார்கள். மொத்தம் விரல் விட்டு எண்ணும் அளவு ஆட்கள்தான்.

ஏழுமலை கரண்டு ஆபீஸ் வயர்மேன். முப்பத்தைந்து வயது இருக்கும்போது மழையில் ஊறிய கம்பம் சாய்ந்து கீழே விழுந்தவர். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. சீழ் பிடித்து, சுத்தம் செய்து, மறுபடி சீழ் பிடித்து, கடைசியில் மூன்று விரல் அகலத்துக்கு எலும்பே இல்லை. இடுப்பெலும்பிலிருந்து எடுத்து இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் கரைந்துபோயின. எங்களிடம் வரும்போது அவர் காலைச் சுற்றிக் கம்பி வளையம் மாட்டியிருந்தது. இதுவும் சேரவில்லை என்றால் காலை எடுத்துவிடுவது நல்லது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். கம்பத்தில் ஏறுகிற மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும்.

முதல் பிரச்சினை கொழுப்பு. ஆள் மூங்கில் மாதிரி இருந்தார். வயிற்றைக் கிள்ளிப் பார்த்த டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். கட்டில் ஓரம் நின்றிருந்த அவர் மனைவி கஸ்தூரி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"என் வயித்துல நெறைய கீது டாக்டர். எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள்வரை சிரித்துவிட்டார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடையதுதான் வேண்டும் என்று நான் விளக்கிச் சொன்னபோது அவள் முகம் சுருங்கிவிட்டது. "இவரு சாப்ட்டாத்தான அக்கா. பீடி, டீ, பீடி, டீ" என்றாள்.

கடைசியில் தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசி விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு டம்ளர்கூட இல்லை. ரத்தம் கலந்த மஞ்சள் கொழுப்பு. அதை உப்புநீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன், சிவப்பு போகிறவரை. பிறகு கொழுப்பைக் கரைக்கிற ஒரு என்சைம் விட்டு, உடம்புச் சூட்டில் ஆடுகிற தண்ணீர்த் தொட்டியில் வைத்தேன். அரை மணியில் கூழாகிவிடும். சுற்றுகிற மிஷினில் போட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். ஒன்றுக்கும் ஆகாது போலத் தெரிகிற ஒரு சிவப்புப் பொட்டு குழாயின் அடியில் நிற்கும். நமக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது.

அந்தப் பொட்டைக் கலக்கிப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தால், மறுநாள் சில செல்கள் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாததைக் கழுவி ஊற்றிவிடலாம். ஒட்டியவை நீளமாக, இரண்டு பக்கமும் கூராக வளரும். ஏழுமலையுடையது முதல் வாரம் மிகவும் குறைவாக இருந்தது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை அவற்றுக்கு உணவுத் திரவம் மாற்றுவேன். ரோஸ் நிறத்தில் ஊற்றுவது, செல்கள் சாப்பிடச் சாப்பிட மஞ்சளாகும். அவருடைய பிளாஸ்க் முதன்முதலாக மஞ்சளான அன்று நான் வார்டுக்குப் போய் அவரிடமே சொன்னேன்.

"உங்க செல்லு சாப்பிட ஆரம்பிச்சிருச்சு."

"நானே சாப்பிடல. அதுங்க சாப்ட்டுதா?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அன்றுதான் சிரித்தாராம், கஸ்தூரி சொன்னாள்.

மூன்றரை வாரத்தில் பிளாஸ்க்குகள் நிறைந்துவிட்டன. ஆபரேஷன் நாள் குறித்தார்கள்.

அன்று காலை செல்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. தியேட்டரிலிருந்து போன் வந்தது, இன்னும் ஒரு மணி நேரத்தில் வேண்டும் என்று. செல்களைப் பிளாஸ்க்கிலிருந்து பிரிக்க இன்னொரு என்சைம் ஊற்ற வேண்டும். ஐந்து நிமிஷம். அதிகமானால் செல்லே கெட்டுப்போகும். ஐந்து நிமிஷம் என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்தேனா, பழக்கத்தில் எழுதினேனா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பிரித்துக் கழுவிக் குழாயில் எடுத்து வைத்த பிறகு மறுபடி போன். பஸ் விபத்து ஒன்று வந்திருக்கிறது, தியேட்டர் காலியில்லை, காத்திருங்கள் என்றார்கள். ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் மிதக்கிற செல் ரொம்ப நேரம் தாங்காது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். அதன்பின் ஏழுமலையை மேஜையில் ஏற்றிக் காலைத் திறந்துவிட்டோம், செல்லை அனுப்புங்கள் என்று செய்தி வந்தது.

அனுப்புமுன் எண்ண வேண்டும். ஒரு சொட்டு எடுத்து நீலச் சாயம் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது. உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, வெளிச்சமாக நிற்கும். செத்தது நீலமாகிவிடும். உயிருள்ளவை இவ்வளவு விகிதத்துக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது என்று ஒரு கோடு வைத்திருந்தோம். எண்ணினேன். கோட்டுக்கு ஒட்டி மேலே வந்தது. சாருடைய பழக்கம், எதையும் இரண்டு தடவை எண்ண வேண்டும். இன்னொரு சொட்டு எடுத்தேன். கோட்டுக்கு ஒட்டிக் கீழே வந்தது.

என் பிரச்சினை எண்ணிக்கையில் மட்டும் இல்லை. நிறைய செல்கள் வெள்ளையாகவும் இல்லை, நீலமாகவும் இல்லை. இளநீலமாக நின்றன. சாயம் உள்ளே போகிறதா, பக்கத்து நிழல் விழுகிறதா என்று தெரியவில்லை. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் செத்த மாதிரி இருக்கும்.

சாரைக் கூப்பிட்டேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இது யாரு?"

"ஏழுமலை சார். தொண்டூர். ஆர்த்தோ வார்டு."

"மேஜை மேல இருக்காரா?"

"கால தெறந்துட்டாங்க சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தியேட்டர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "சந்தேகமா இருக்கறது எல்லாத்தையும் செத்ததுன்னு வெச்சிக்குங்க" என்றார். அப்படி வைத்தால் இரண்டு எண்ணிக்கையுமே கோட்டுக்குக் கீழே போய்விட்டது. சாரே போனை எடுத்தார். எலும்பு டாக்டர் கத்தியது எனக்குக் கேட்டது. "ஆறு மாசமா அந்த மனுஷனுக்கு என்ன சொல்லிட்டு இருக்கேன் தெரியுமா? பாதி செல்லாவது குடுங்க."

"செத்த செல்லு புண்ணுல போனா என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் தர மாட்டேன்" என்றார் சார்.

அவர்கள் குருணையையும், இடுப்பெலும்பில் சுரண்டிக் கிடைத்த கொஞ்சத்தையும் வைத்து, உள்ளே ஒரு கம்பி செருகி மூடினார்கள். குழாயில் இருந்ததை நான் வாளியில் கொட்டினேன். விதி அதுதான்.

மறுநாள் சார் என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார். செல் வைக்கவில்லை, காரணம் இது, என்று ஏழுமலையிடம் நேராகச் சொன்னார். வலி மருந்தில் கண் செருகியிருந்த ஏழுமலை "சரிங்க சார்" என்றார். கஸ்தூரி கட்டில் ஓரம் நின்று கேட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து நான் போனபோது ஏழுமலை எழுந்து உட்கார்ந்திருந்தார். "அக்கா, உள்ள போனதும் என் செல்லு இன்னா பண்ணும்? உடனே வேல ஆரம்பிச்சிருமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி முந்திக்கொண்டாள். "அதெல்லாம் வேல நடக்குது, நீ படு." என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துவந்தாள்.

"சார் சொன்னது எதுவும் அவருக்கு நெனப்பு இல்ல அக்கா. சொல்லாதீங்க. பீடி பொகை பட்டா செல்லு செத்துடும்னு நீங்கதான முன்ன சொன்னீங்க? அது உள்ள கீதுன்னு நெனச்சிக்கினுதான் பீடிய உட்டுட்டாரு. ஒரு வாரமா தொடல. காலையும் சொன்ன மாதிரி ஆட்டறாரு. இப்ப போய் ஒண்ணும் இல்லன்னா அந்த மனுஷன் இன்னாத்துக்கு எழுந்திருப்பாரு?"

சாரிடம் வந்து சொன்னேன். "நான் சொல்லிட்டேன், கேஸ் ஷீட்லயும் எழுதிட்டேன். என்னைக் கேட்டா இன்னொரு தடவையும் சொல்வேன்" என்றார். ஏழுமலை அவரைக் கேட்கவே இல்லை. என்னைத்தான் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் ஏதோ ஒன்றைச் சொல்லி நகர்ந்தேன். அது சரியா தப்பா என்று அன்றும் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருந்தது. இரண்டு முனைக்கும் நடுவில் மேகம் மாதிரி ஆரம்பித்தது கெட்டியாகி முழுசாக அடைத்திருந்தது. இதே ஆய்வில் அவருக்கு முன்னால் சீயமங்கலத்துப் பெண் ஒருத்திக்குச் செய்தோம். அவளுடைய செல்தான் நான் வளர்த்ததிலேயே அழகானது. கட்டத்தில் ஒரு நீலம் தேடினால் கிடைக்காது. அவளுக்கு எலும்பு சேரவில்லை. வேறு வழியில் ஆபரேஷன் செய்து, ஒரு கால் குட்டையாகித்தான் வீட்டுக்குப் போனாள். ஏழுமலையின் எக்ஸ்ரேயை சார் வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு வெகுநேரம் நின்றார்.

"எதனால சேந்துச்சு சார்?" என்று கேட்டேன்.

"சீழ் சுத்தமா போனது காரணமா இருக்கலாம். கம்பி நல்லா நின்னது. பீடி. தெரியல." பிறகு, "ரெண்டாவது தடவ நீங்க எண்ணாம இருந்திருந்தா இன்னிக்கு நாம எல்லாரும் என்ன சொல்லியிருப்போம்னு யோசிச்சீங்களா?" என்றார்.

யோசிக்காமல் எங்கே இருந்தேன். முதல் எண்ணிக்கையோடு நிறுத்தியிருந்தால் செல் உள்ளே போயிருக்கும். எலும்பு சேர்ந்ததும் செல்தான் சேர்த்தது என்று நானே எல்லோருக்கும் சொல்லியிருப்பேன். நம்பியும் இருப்பேன். அதற்குப் பிறகு வந்த வேறு ஆய்வுகளிலும் எலும்பு சேர்ந்தவர்கள், சேராதவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். சிலருக்குச் செல் உதவியிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். யாருக்கு என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்டத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் சாரும் இப்போது இல்லை.

பச்சையம்மா வந்துபோன மறுநாள் பஸ் ஏறித் தொண்டூர் போனேன். ஏழுமலை வீட்டில்தான் இருந்தார். வேலைக்குப் போய்த்தான் வருகிறார், இப்போது கம்பம் ஏறுவதில்லை, லைன் இன்ஸ்பெக்டர். தலை நரைத்து, தொப்பையும் வைத்திருந்தது. கஸ்தூரி என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். செல் வைக்கவில்லை என்பது, சார் வந்து சொன்னது, நான் சொல்லாமல் விட்டது. கஸ்தூரி என்னிடம் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அதை அவளே சொன்னாள்.

ஏழுமலை கோபப்படவில்லை. காலைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"எல்லாமே செத்துடுச்சா அக்கா?"

"இல்ல. உயிரோட இருந்ததும் நெறைய இருந்துச்சு. எது எதுன்னு பிரிக்க முடியல."

"உசுரோட இருந்தத இன்னா பண்ணீங்க?"

"எல்லாத்தையும் சேத்து மருந்துத் தண்ணில கொட்டிட்டேன்."

"அது என்னுது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிளாஸ்க்குகளைக் கொட்டியிருக்கிறேன். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. டீயைக் குடித்தேன்.

பிறகு அவரே அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "யக்கா, எனக்கு அந்தச் செல்லு வெக்கவே இல்லியாம். தானா சேந்ததுதானாம். நீ ஊசி போட்டுக்காத. பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம்."

அந்தப் பக்கம் பச்சையம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "நல்லா நடக்கறவன் நீ சொல்லுவ. உனக்கு ஆனது எனக்கு மட்டும் ஏன் வேணான்ற?"

நான் போனை வாங்கிப் பேசினேன். அந்த மாதிரி ஊசி இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, சோதனைக்கு வெளியே போடக்கூடாது, கிளினிக்கில் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள் என்றேன். "உங்களுக்கு நிச்சயமா தெரியுமா, அது வேல செய்யாதுன்னு?" என்று கேட்டார். செய்யாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, செய்யும் என்றும் தெரியாது என்றேன். "அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை தானே அங்கே போய் நின்று நிறுத்துகிறேன் என்றார் ஏழுமலை. நிறுத்தினாரா என்று இன்னும் போன் வரவில்லை. நானும் போட்டுக் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்வரைக்கும் ஏழுமலை கூட வந்தார். வெயில் நேரம். எனக்கு முன்னால் நான்கு எட்டுத் தள்ளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். பின்னாலிருந்து இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தேன். அவருடைய செல்லை மூன்றரை வாரம் தினமும் பார்த்தவள் நான். உடைந்தது வலது காலா, இடது காலா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. நடையைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை.